'ஃபக்கண்டிட்டி': இந்தப் பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது?

மெய்ப்புத்தாள் (நாகர்கோவில்), கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் இருக்கிற ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கிற பக்கங்கள்) அச்சுக்குப் போகிறது, அதற்குள் தெளிவு வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன். நடுவில் மொழிபெயர்ப்பும் உண்டு. இப்போது கையில் இருப்பது பழைய ஆங்கிலப் பிரசங்கத் தொகுப்பு ஒன்று. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலம். ஒரு குடும்பத்தார், தங்கள் தாத்தா வைத்திருந்த பிரதியைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது ஸ்கேன் செய்த பக்கங்கள்தான்.

தொகுப்பின் முன்னுரை, காலமாகிவிட்ட அந்தப் பிரசங்கியாரைப் புகழ்கிறது. அதில் அவருடைய இன்ன குணத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்தக் குணத்தின் பெயரை நான் 'ஃபிக்கண்டிட்டி' என்று படித்தேன். வளம், செழிப்பு, கருவளம் என்று எல்லா அகராதியிலும் இருக்கிற சொல். ஆள் பிரசங்கியார் என்பதால் 'சிந்தை வளம்' என்று போட்டேன். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் இரண்டு தடவை படித்தேன், அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒரு தடவை படித்தார். யாருக்கும் எதுவும் தட்டவில்லை.

மூன்றாம் முறை படிக்கும்போது அடுத்த வாக்கியம் இடித்தது. அவர் எழுதிவைத்தது மிகக் குறைவு, எல்லாம் வாயோடு போயிற்று என்று முன்னுரைக்காரர் வருத்தப்படுகிறார். சிந்தை வளத்தைப் புகழ்ந்த கையோடு இப்படி ஏன் எழுத வேண்டும்? பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கிலச் சின்ன ஏ (a), சின்ன ஈ (e) இரண்டுக்கும் அந்த அச்சில் வித்தியாசமே தெரியாது. எழுத்தின் கண்ணில் மை அடைத்து ஒரு கறுப்புப் பொட்டாக நிற்கிறது. ஆனால் மேலே, இடது பக்கம் வளைந்து வரும் கொக்கி இருக்கிறது. ஈ என்றால் அந்தக் கொக்கி இருக்காது. ஆகவே அது ஏ. சொல் 'ஃபக்கண்டிட்டி'.

என் மேஜையில் இருக்கிற அகராதியில் அது இல்லை. கணினியில் தேடினால் 'நீங்கள் தேடியது ஃபிக்கண்டிட்டியா?' என்று கேட்கிறது. ஒரே ஒரு இடத்தில் 'வழக்கொழிந்த சொல். நாவன்மை' என்று ஒற்றை வரி கிடைத்தது. ஒரு வரியை நம்பி மாற்ற மனம் வரவில்லை. இது நாவன்மைதானா? ஆம் என்றால் எப்படிப்பட்ட நாவன்மை? அலங்காரமாகப் பேசுவதா, சரளமாகப் பேசுவதா, மனத்தைப் பிடிக்கும்படி பேசுவதா? அந்த மனிதரை நேரில் கேட்டவர் எழுதிய புகழ்ச்சி இது. தப்பான சொல்லைப் போட்டு அதைக் கெடுக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற வாத்தியார் (பாளையங்கோட்டை)

அம்மா, நீங்கள் கொக்கியைப் பார்த்தது சரி. சொல் இருக்கிறது, பொருளும் நாவன்மைதான். நான் முதுகலை மாணவர்களுக்கு, பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாஸரை நடத்தியவன். அதனால் இந்தச் சொல்லோடு கொஞ்சம் பழக்கம் உண்டு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேர். லத்தீனில் 'ஃபாரி' என்றால் பேசுதல். அதிலிருந்து 'ஃபாகுண்டுஸ்', பேச்சு வல்லவன். அந்த வல்லமை 'ஃபாகுண்டியா'. இதே வேரின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. 'ஃபேபிள்' என்பது சொல்லப்பட்ட கதை. 'ஃபேம்' என்பது ஊர் பேசும் பேச்சு. 'ஃபேட்' என்பது தெய்வம் சொல்லி முடித்தது, அதாவது விதி. 'இன்ஃபன்ட்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் 'பேசாதது'. இன்னும் பேச்சு வராத பிள்ளை. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுத்தான் 'ஃபாகுண்டுஸ்' எழுதுவேன். பேச்சு வராத பிள்ளை ஒரு கோடியில், பேச்சு பெருகி வருகிறவன் மறு கோடியில், நடுவே ஒரே வேர்.

நீங்கள் தடுமாறிய மற்றச் சொல்லான ஃபிக்கண்டிட்டிக்கு லத்தீன் மூலம் 'ஃபேகுண்டுஸ்', அது வேறு குடும்பம். பால் கொடுப்பது, பிறப்பிப்பது என்ற பொருளுள்ள வேர் அதற்கு. பெண்ணைக் குறிக்கும் 'ஃபெமினா', கருவைக் குறிக்கும் 'ஃபீட்டஸ்' எல்லாம் அந்தப் பக்கத்து உறவு. எழுத்தில் ஒன்றுதான் மாறுகிறது. ஆங்கில உச்சரிப்பில் அந்த ஒன்றும் கிட்டத்தட்டக் கரைந்துபோகிறது.

உங்கள் தவறு ஏன் வழுக்கிக்கொண்டு போயிற்று என்பதற்கும் காரணம் உண்டு. 'வளம்' என்ற அந்தச் சொல்லை அறிவுக்கு ஏற்றிச் சொல்வது அந்தக் காலத்தில் சகஜம். 1553-இல் தாமஸ் வில்சன் தம்முடைய பேச்சுக்கலை நூலில் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். லிங்கன்ஷயர்க்காரர் ஒருவர் தேவாலயப் பதவி கேட்டு எழுதியதாக வருகிற கடிதம், லத்தீன் சொற்களாக அள்ளிக் கொட்டியது. 'உமது அறிவின் ஃபிக்கண்டிட்டி' என்று அதில் ஒரு இடம் வருகிறது. இப்படிப்பட்ட சொற்களுக்கு 'மைக்கொம்புச் சொற்கள்' என்று பெயர். மை ஊற்றிவைத்த மாட்டுக் கொம்பிலிருந்து பிறந்தவை, வாயிலிருந்து பிறந்தவை அல்ல என்ற கோபம் அந்தப் பெயரில் இருக்கிறது. ஆகவே வாக்கியம் ஓடுகிறதா என்பதை மட்டும் வைத்து இந்த இரண்டு சொல்லையும் பிரிக்க முடியாது. அடுத்த வாக்கியம் இடித்த இடத்தில் நீங்கள் நின்றீர்களே, அதுதான் வழி.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, எப்படிப்பட்ட நாவன்மை என்பது. இதற்கு சாஸரை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அவர் காலத்தில் (அவர் இறந்தது 1400) பிரெஞ்சு வழியாக வந்த 'ஃபக்கூண்ட்' என்ற வடிவம் வழங்கியது. பறவைகள் கூடிப் பேசும் அவருடைய கவிதை எழுநூறு வரி இருக்கும். வாலன்டைன் நாள். பறவைகள் துணை தேட வந்திருக்கின்றன. இயற்கைத் தாயின் கையில் ஒரு பெண் கழுகு. அதற்காக மூன்று ஆண் கழுகுகள் மாறி மாறி நீளநீளமாகக் காதல் பேசுகின்றன. பொழுது சாய்கிறது. மற்றப் பறவைகளுக்குப் பொறுக்கவில்லை. வாத்து, குயில், தாரா எல்லாம் 'கெக் கெக், குக்கூ, குவெக் குவெக்' என்று கத்துகின்றன. அப்போது இயற்கை, 'ஃபக்கூண்ட்' ஆன குரலில், வாயை மூடுங்கள் என்கிறாள். அவ்வளவுதான் அவள் முதலில் சொல்வது! அணியும் இல்லை, அடுக்கும் இல்லை. ஆனால் கூட்டம் அடங்குகிறது. சபையை ஆளும் குரல் என்ற பொருள் அங்கே கிடைக்கிறது.

அதிலிருந்து நாற்பது வரிக்குள் அதே சொல் மறுபடி வருகிறது. நீர்ப்பறவைகள் தலையோடு தலை வைத்து ஆலோசித்துத் தங்கள் சார்பில் பேச வாத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு நயமான 'ஃபக்கூண்ட்' உண்டாம்! வாத்து எழுந்து கொடுக்கிற தீர்ப்பு: அவள் அவனை விரும்பாவிட்டால் அவன் வேறொருத்தியை விரும்பட்டும். உடனே வல்லூறு, இதுதான் வாத்தின் நியாயம் என்று இடித்துச் சொல்கிறது. ஒரே சொல்லை இயற்கைக்கும் கொடுத்து வாத்துக்கும் கொடுத்தார் சாஸர். அந்தச் சொல்லைப் புழங்கிய வாசகர்களுக்கு அதன் எடை தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அவர் அப்படிச் செய்திருக்க முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது இடம். கான்டர்பரிக் கதைகளில் மருத்துவர் சொல்லும் கதையில் வர்ஜீனியா என்ற பெண் வருகிறாள். பதினான்கு வயது. அறிவில் பாலஸ் தேவதைக்கு ஒப்பு. ஆனாலும் அவளுடைய 'ஃபக்கூண்ட்' பெண்மையும் எளிமையும் உள்ளது. அறிவாளியாகத் தோன்றுவதற்காகப் போலிச் சொற்களை அவள் எடுக்கவில்லை. தன் நிலைக்குத் தக்கபடி பேசினாள் என்று வருகிறது. இதைக் கவனியுங்கள் அம்மா. நாவன்மையைக் குறிக்கும் சொல்லின் பக்கத்திலேயே 'எளிமை' உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'சொல்லலங்காரம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பழைய லத்தீனிலும் இப்படித்தான். ஒவிட் எழுதிய 'உருமாற்றங்கள்' நூலின் பதின்மூன்றாம் பகுதி. டிராய்ப் போரில் இறந்துபோன கிரேக்க வீரன் அகிலீஸின் ஆயுதங்கள் யாருக்கு என்று வழக்கு. அயாக்ஸ் பேசி முடித்த பிறகு யுலிசிஸ் எழுகிறான். உடனே வாய் திறக்கவில்லை. கண்ணைத் தரையில் வைத்துச் சற்று நிற்கிறான். பிறகு தலைவர்களை நிமிர்ந்து பார்த்துப் பேச ஆரம்பிக்கிறான். முடிவில், 'ஃபாகுண்டியா' என்ன செய்யும் என்பது தெரிந்தது, வீரனின் ஆயுதங்களைப் பேச்சு வல்லவன் கொண்டுபோனான் என்று கவிஞர் சொல்கிறார். அந்தத் தரை பார்த்த நிற்றலும் 'ஃபாகுண்டியா'வில் சேர்த்திதான் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவையும் வைத்துச் சொன்னால்: கேட்பவர்களைக் கட்டி நிறுத்தும் பேச்சு வல்லமை. சரளம் அதில் ஒரு பங்கு. அலங்காரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கடற்கரைச் சாலை (புதுச்சேரி)

ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறேன். பிரெஞ்சில் இந்தச் சொல் 'ஃபகோந்த்' என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பொருள் கசந்துவிட்டது. ஒருவருக்கு 'ஃபகோந்த்' உண்டு என்றால் பெரும்பாலும் நல்ல பேச்சாளர் என்று பாராட்டுவதாகாது. நிறுத்தாமல் பேசுவார், பேச்சாலேயே ஆளை மூழ்கடிப்பார் என்ற தொனி. நம் ஊரில் 'வாய்ச்சாலகம்' என்கிறோமே, அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அக்கா, தேடும்போது பிரெஞ்சு அகராதி கண்ணில் பட்டால் அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

ஸ்பானிஷில் அது 'ஃபகுந்தியா'. இன்னொன்று, அர்ஜென்டினாவில் 'ஃபகுந்தோ' என்று ஆண்களுக்குப் பெயரே உண்டு. புனித ஃபகுந்தோவின் பெயர் அது. ஸ்பெயினில் சாஹகூன் என்ற ஊரின் பெயர்கூட 'சான் ஃபகுந்தோ' என்பது தேய்ந்து வந்ததுதான். நாவுக்கரசு என்று நாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லையா, அதைப் போல எனக்குப் படும்.

மெய்ப்புத்தாள்

வாத்தியார் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வர்ஜீனியாவின் இடத்தை மூன்று தடவை படித்தேன். என் பிரசங்கியாரும் அப்படிப்பட்டவர்தான். முன்னுரையில் வேறோர் இடத்தில், வயல்வேலை செய்கிறவர்களுக்கும் விளங்கும்படி பேசினார் என்று வருகிறது. நல்லவேளை, அலங்காரம் பக்கம் போகவில்லை.

சரி, இப்போது தமிழ்ச் சொல். நேற்று ராத்திரி ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

'பேச்சாற்றல்' விளங்கும். ஆனால் மேடைப் பேச்சுப் போட்டியும் கேடயமும் ஞாபகத்துக்கு வருகின்றன. முந்நூறு நானூறு வருஷத்துப் பழைய முன்னுரைக்குள் அது புதுச் சட்டை மாதிரி நிற்கிறது.

'நாநலம்' மிக அழகான சொல். குறளில் சொல்வன்மை அதிகாரம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. முதலில் அதைத்தான் போட்டேன். பிறகு எங்கள் அச்சகத்தில் கணினியில் அடிக்கிற பெண்ணிடம் வாக்கியத்தைப் படிக்கச் சொன்னேன். 'அவருடைய நாக்குக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உடல்நலம், மனநலம், கண்நலம் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு 'நலம்' இப்போது ஆரோக்கியம். குறளுக்குள் இருக்கும்போது அந்தச் சொல்லைக் குறள் தாங்குகிறது. என் வாக்கியம் அப்படித் தாங்காது.

'நாவன்மை', 'சொல்வன்மை' இரண்டும் நிற்கின்றன. பழமையும் உண்டு, விளக்கமும் உண்டு. ஆனால் வாய்விட்டுப் படித்தால் கொஞ்சம் முறுக்காக இருக்கிறது. 'வன்மை'யில் இருக்கும் பலம் என் பிரசங்கியாரின் சாந்தத்தோடு ஒட்டவில்லையோ என்று ஒரு சந்தேகம். நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள்?

ஞாயிறு பள்ளி (தூத்துக்குடி)

அக்கா, நான் மொழி படித்தவள் இல்லை, கணக்கு வேலை. எங்கள் அப்பா உபதேசியாராக இருந்தவர். வீட்டில் தினமும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம்தான் வாசிப்பு. அந்தக் காதால் ஒன்று தோன்றுகிறது.

யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தில் மோசே தன்னை அனுப்ப வேண்டாம் என்று ஆண்டவரிடம் மன்றாடுகிற இடம். 'நான் வாக்கு வல்லவன் அல்ல. நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்' என்பான். உங்கள் புத்தகத்தைப் படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் சபைக்குப் போகிறவர்கள் என்றால், 'வாக்கு வல்லமை' அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிற சொல். விளக்கமே வேண்டாம். பழைய வாசனையும் இருக்கிறது.

அப்போஸ்தலர் 18-இல் அப்பொல்லோவைச் சொல்லும்போது 'சாதுரியவானும் வேதாகமங்களில் வல்லவனுமான' என்று வருகிறது. ஆங்கிலத்தில் அங்கேயும் நாவன்மை உள்ளவன் என்றுதான் இருக்கிறது, நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆனால் இன்றைக்குச் 'சாதுரியம்' என்றால் சாமர்த்தியம், கெட்டிக்காரத்தனம். புதுச்சேரி அண்ணன் பிரெஞ்சுச் சொல்லைப் பற்றிச் சொன்னது போலவே இதுவும் இடம் மாறிவிட்டது. ஆகவே அது வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

இந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. எனக்கு இது தோன்றாமல் போயிற்று. குறளிலும் சாஸரிலும் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் புத்தகத்தை யார் கையில் எடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

ஒரு செய்தி சேர்த்துச் சொல்கிறேன். 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமம் வந்தபோது, மோசேக்கும் அப்பொல்லோவுக்கும் 'எலக்குவன்ட்' என்ற சொல்லைத்தான் போட்டார்கள். அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்திய லத்தீன் வேதாகமத்திலும் அந்த இரண்டு இடத்திலும் 'எலோகுவென்ஸ்'தான். 'ஃபாகுண்டுஸ்' இல்லை. பேச்சு வல்லமைக்கு ஆங்கிலத்துக்கு இரண்டு சொல் கிடைத்தன. வாரந்தோறும் கோயிலில் காதில் விழுந்த சொல் பிழைத்துக்கொண்டது, மற்றது புத்தகத்தோடு நின்றுவிட்டது என்பது என் எண்ணம். தவிர, பக்கத்திலேயே ஃபிக்கண்டிட்டி உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சொல் எப்படி நிமிர்ந்து நடக்கும்? பேசினால் குழப்பம், அச்சடித்தாலும் குழப்பம்.

ஆகவே உங்கள் முன்னுரைக்காரர் சாதாரணச் சொல்லை விட்டுவிட்டு அரிய சொல்லை எடுத்திருக்கிறார். கொஞ்சம் மரியாதைக்காக எடுத்திருப்பார். அந்த மரியாதை தமிழில் தெரிய வேண்டும், அரிதாக இருக்க வேண்டியதில்லை. 'வாக்கு வல்லமை'யில் அது இருக்கிறது.

கடற்கரைச் சாலை

ஒரே ஒரு தயக்கம். 'வாக்கு' என்றால் இப்போது பாதிப் பேருக்கு ஓட்டுதானே? வாக்குச்சாவடி, வாக்காளர் என்று.

ஞாயிறு பள்ளி

அண்ணா, வாக்குத்தத்தம் என்று ஒவ்வொரு புதுவருஷ ஆராதனையிலும் வசன அட்டை எடுக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாது. 'பிரசங்க மேடையில் அவருக்கிருந்த வாக்கு வல்லமை' என்று இடத்தையும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கும் சந்தேகம் வராது.

மெய்ப்புத்தாள்

போட்டுவிட்டேன். 'பிரசங்க மேடையில் அவருக்கிருந்த வாக்கு வல்லமையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அவர் எழுதிவைத்ததோ மிகக் கொஞ்சம், மற்றதெல்லாம் அவர் வாயோடு போயிற்று.' இரண்டு வாக்கியமும் இப்போது கையைக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. காலையில் குடும்பத்துப் பெரியவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'எங்க தாத்தாவையும் அப்படித்தான் சொல்லுவாங்க' என்றார்.

பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு குறிப்பும் சேர்த்தேன். மூலத்தில் இருப்பது அரிய சொல், நாவன்மை என்று பொருள், வளம் என்று பொருள்படும் மற்றொரு சொல்லோடு ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்று. நாளைக்கு வேறு யாராவது அந்த ஸ்கேனைப் பார்த்து என்னைப் போலவே படித்துவிடக் கூடாது.

சாயங்காலம் அந்தப் பக்கத்தின் ப்ரூஃப் வந்தது. குறிப்பில் 'நாவண்மை' என்று அடித்திருந்தார்கள். வண்மை என்றால் கொடை, வளம். ஏ-க்கும் ஈ-க்கும் நடுவில் நான் விழுந்த அதே பள்ளம், தமிழில். மூன்று சுழியை அடித்து, ஓரத்தில் இரண்டு சுழி ன போட்டு, வட்டம் இட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். திருத்திய பிரதி நாளை காலை பத்து மணிக்கு வரும்.